வருஷ இலக்கு, மாசக் கணக்கு: ஒரு சோமனூர் தறி நோட்டு கத்துக்கொடுத்தது

ஜனவரி முதல் வாரத்தில் எழுதின இலக்கு லிஸ்ட் இப்போ எங்க இருக்கு? போன் நோட்ஸ்ல, கீழே எங்கேயோ இருக்கும். பண இலக்கா இருந்தா பெரிய கவலை இல்லை. எஸ்ஐபி 5ஆம் தேதி தானாப் போயிடும், ஆர்டி தானாப் பிடிச்சுக்கும். நீங்க மறந்தாலும் பேங்க் மறக்காது. ஆனா "இந்த வருஷம் பன்னிரண்டு சிறுகதை எழுதணும்", "கீபோர்டு கத்துக்கணும்", "வீட்டுல இருக்கிற பழைய போட்டோவை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஆல்பம் போடணும்" மாதிரி இலக்குகளுக்கு ஆட்டோ டெபிட் கிடையாது. அதை மாசா மாசம் நாமதான் கணக்குப் பார்க்கணும்.

ஷீட் எப்படிப் போடுறதுன்னு வீடியோவில் காட்டியிருக்கேன். அந்த ஷீட்ல "ஏன் நின்றது?"ன்னு ஒரு கட்டம் எதுக்குன்னுதான் இங்கே சொல்லப் போறேன். அது நான் கண்டுபிடிச்சது இல்லை, எங்க அப்புச்சியோட தறி நோட்டுல இருந்து எடுத்தது.

சோமனூர் தெரியாதவங்களுக்கு: கோவை மாவட்டம், சூலூர் தாலுகா, கோவை–திருப்பூர் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். திருப்பூர்னா பனியன், சோமனூர்னா விசைத்தறி, காடா துணி. இங்கே தறி வெச்சிருக்கிறவங்கள்ல நிறைய பேர் கூலிக்கு நெய்யிறவங்க. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர்கிட்ட இருந்து வரும், நெய்த துணி அவருக்கே போயிடும். நடுவுல தறிக்காரருக்குக் கிடைப்பது மீட்டருக்கு இவ்வளவுன்னு ஒரு கூலி. அதனால தறிக்குடோன்ல மீட்டர் கணக்கு எழுதாம ஒரு வாரம் ஓட்ட முடியாது.

அப்புச்சி நோட்டு நீளவாக்குல மடிக்கிற பழைய கணக்கு நோட்டு. தறி நம்பர், பாவு ஏத்தின தேதி, வாரம் எத்தனை மீட்டர், இதெல்லாம் எல்லாரும் எழுதுறதுதான். அவர் கடைசியில ஒரு கட்டம் கூடப் போட்டிருப்பார். அதுல ரெண்டு ரெண்டு எழுத்தா இருக்கும். க.இ, பா.வ, ப.வே. முதல்ல பார்த்தப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. க.இ-ன்னா கரண்ட் இல்லை. பா.வ-ன்னா பாவு வரலை. ப.வே-ன்னா பட்டறை வேலை, அதாவது தறியில ஏதோ உடைஞ்சு ரிப்பேருக்குப் போயிருக்கு. மீட்டர் குறைஞ்ச ஒவ்வொரு வாரத்துக்கும் பக்கத்துல ஒரு காரணம் இருக்கும். ஒரு கட்டமும் காலியா இருக்காது.

இலக்கு வைக்கிறப்ப நாம செய்யுற முதல் தப்பு அந்த நோட்டைப் பார்த்தப்பதான் எனக்குத் தெரிஞ்சது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாதா தறி நிமிஷத்துக்கு 120 பிக் போடுதுன்னு வைங்க. நாடா ஒரு தடவை குறுக்க ஓடி ஒரு ஊடை இழையைப் போட்டா ஒரு பிக். துணியில இன்ச்சுக்கு 52 பிக் வேணும். ஒரு மீட்டர் 39.37 இன்ச். அப்போ மீட்டருக்குச் சுமார் 2,047 பிக். 12 மணி நேர ஷிப்ட்டுல 720 நிமிஷம், மொத்தம் 86,400 பிக். வகுத்தா 42 மீட்டர்.

இந்த 42-ஐ நம்பி எந்தத் தறிக்காரரும் வாக்குக் கொடுக்க மாட்டார். இழை அறும். தார் தீர்ந்தா தறியை நிறுத்தி நாடாவுல வேற தார் போடணும். கரண்ட் போகும். நூறுக்கு எண்பது ஓடினா 34 மீட்டர். அவர் மனசுல இருக்கிற கணக்கு அந்த 34-தான். நாம ஜனவரியில எழுதுறது 42. இன்னும் சொல்லப்போனா பல பேர் எழுதுறது 60.

உங்க கணக்கை இதே மாதிரி போட்டுப் பாருங்க. வாரத்துக்கு மூணு நாள் ராத்திரி, ஒரு தடவைக்கு 45 நிமிஷம் கதை எழுத உட்காரலாம்னு நினைக்கிறீங்க. 52 வாரத்துக்கு 156 தடவை. எண்பது சதவீதம்னா 125. மாசத்துக்குப் பத்து. ஒரு கதை முடிக்க உங்களுக்குப் பதினைஞ்சு தடவை உட்கார வேண்டியிருந்தா வருஷத்துக்கு எட்டுக் கதைதான் வரும். பன்னிரண்டுன்னு எழுதியிருந்தா அது ஜனவரி 1-லேயே தோத்துப் போன இலக்கு. உங்க சோம்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லா மாசமும் பத்து வராதுங்கிறது இன்னொரு விஷயம். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்களுக்கு மார்ச்சுல நாலு வந்தாலே அதிசயம். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கிறவங்களுக்கு ஷிப்மெண்ட் வாரம்னா சாப்பிடவே நேரம் இருக்காது. அதனால வருஷ இலக்கைப் பன்னிரண்டால வகுத்து எல்லா மாசத்துக்கும் ஒரே எண்ணைப் போடாதீங்க. புதுப் பாவு பிணைக்கிற நாள்ல மீட்டர் வராது. அதுவும் வேலைதான். ஒரு பாட்டைக் கத்துக்க ஆரம்பிக்கிற முதல் மாசமும் அப்படித்தான், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது.

எதை எண்ணணும்ங்கிறதும் முக்கியம். "நாவல் முடிக்கணும்"ங்கிறதை மாசக் கடைசியில எண்ண முடியாது. பக்கத்தை எண்ணலாம். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் இதுக்கு நல்ல உதாரணம். நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரர்தான். 1834-லேர்ந்து 1867 வரைக்கும் பிரிட்டிஷ் தபால் துறையில வேலை பார்த்தார். விடியக்காலை 5.30-க்கு எழுத உட்காருவார். கடிகாரத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. ஒவ்வொரு நாவலுக்கும் தனியா ஒரு டைரி போட்டு, தினம் எத்தனை பக்கம்னு எழுதுவார். எழுதாத நாளும் அந்த டைரியில தெரியும். இப்படியே 47 நாவல். நம்ம ஏரியாவுக்குப் பொருத்தமான தகவல் ஒண்ணும் இருக்கு. விடியக்காலை எழுப்பிக் காபி கொடுக்கிறதுக்காகத் தன் வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்ட் தனியாக் கொடுத்ததாத் தன் சுயசரிதையில எழுதியிருக்கார். படைப்பு இலக்குக்கும் பட்ஜெட்ல ஒரு வரி வேணும்னு நான் அடிக்கடி சொல்றது இதைத்தான். கீபோர்டு கிளாஸ் பீஸ், ஸ்கேன் பண்ற செலவு, ஒரு நல்ல மைக், எதுவா இருந்தாலும் மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒதுக்கி வெச்சிடுங்க.

தமிழ்ல இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கு. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்னைக்கு 'வெண்முரசு' எழுத ஆரம்பிச்சார். தினம் ஒரு அத்தியாயம், எல்லாரும் பார்க்க இணையத்துல. பத்து வருஷ வேலைன்னு சொல்லித்தான் தொடங்கினார். 2020 ஜூலையில, 26ஆவது நாவலோட முடிஞ்சது. நம்மால தினமும் முடியாது, அது வேற விஷயம். ஆனா அவர் அளந்தது அத்தியாயத்தை. அது வந்ததா வரலையான்னு அன்னன்னைக்கே தெரிஞ்சிடும்.

இப்போ அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வர்றேன்.

2025 ஜனவரியில நான் ரெண்டு இலக்கு எழுதினேன். ஒண்ணு, எமர்ஜென்சி பண்டுக்கு வருஷத்துல ரூ.90,000. இன்னொண்ணு, அப்புச்சியை உட்கார வெச்சு, கைத்தறியில இருந்து விசைத்தறிக்கு வந்த கதையை எல்லாம் போன்ல பேச்சாப் பதிவு பண்ணணும். பன்னிரண்டு பதிவு, மாசத்துக்கு ஒண்ணு. பணம் மாசம் ரூ.7,500, மூணாம் தேதி தானா வேற அக்கவுண்டுக்குப் போச்சு. ஜனவரி 7,500. பிப்ரவரி 15,000. மார்ச் 22,500. அந்தக் கட்டம் பார்க்கவே அழகா இருந்தது. பதிவுக் கட்டம் ஜனவரி காலி, பிப்ரவரி காலி. காரணம் எதுவும் எழுதலை. கேட்டிருந்தா "குடோன்ல ஒரே சத்தம், அங்க பேசவே முடியாது"ன்னு சொல்லியிருப்பேன். எழுதியிருந்தா ஒரு விஷயம் புரிஞ்சிருக்கும்: சத்தம் நின்னா அந்தக் காரணமும் போயிடும்.

சத்தம் நின்னது. 2025 மார்ச் 19-லேர்ந்து கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினாங்க. இது புதுசு இல்லை, 2022 ஜனவரியிலேயும் இதே மாதிரி ஒரு மாசத்துக்கு மேல நின்னுருக்கு. ஏப்ரல்ல பேச்சுவார்த்தை முடிஞ்சு கூலி உயர்வு ஒப்புக்கிட்ட பிறகுதான் மறுபடி ஓடுச்சு. கிட்டத்தட்ட ஒரு மாசம், ஊரே அமைதி. அப்புச்சி வீட்டுத் திண்ணையில சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் நோட்டுல அந்த வாரங்களுக்கு மீட்டர் பூஜ்யம், பக்கத்துல வே.நி. வேலை நிறுத்தம். நான் அந்த ஒரு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை போனேன், ஒரே ஒரு பதிவு எடுத்தேன், 22 நிமிஷம். மீதியை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு வந்துட்டேன். மே மாசமும் காலி. ஜூன்ல அவருக்குப் பக்கவாதம். உயிருக்கு ஒண்ணும் ஆகலை. பேச்சு மட்டும் திரும்பலை.

அதனாலதான் உங்க ஷீட்ல இந்தக் கட்டத்தை விடாதீங்கன்னு கேட்டுக்கிறேன். பூஜ்யம் போட்டுக் காரணம் எழுதின மாசமும், ஒண்ணும் எழுதாத மாசமும் ஒண்ணு இல்லை. வே.நி-ன்னு எழுதின பூஜ்யத்தை வெச்சு ஒரு முடிவு எடுக்கலாம்: தறி ஓடாது, அப்போ வேற என்ன செய்யலாம்? காலிக் கட்டத்தை வெச்சு எதுவும் செய்ய முடியாது. மூணு மாசம் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தா அதைத் தடங்கல்னு நினைக்காதீங்க, அதுதான் உங்க நிலவரம். "ஆபீஸ் லேட்"ன்னு மூணு மாசம் எழுதியிருந்தா ராத்திரிங்கிற திட்டம் ஓடாது. காலையில மாத்துங்க, இல்லைன்னா எண்ணைக் குறைங்க.

பாக்கி விழுந்தா என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வரும். பணத்துக்கு இது சுலபம். கேமராவுக்கு வருஷத்துல ரூ.60,000, மாசம் 5,000. ஏப்ரல் கடைசியில 20,000 இருக்க வேண்டிய இடத்துல 14,000-தான் இருக்கு. மீதி 46,000, எட்டு மாசம், மாசத்துக்கு 5,750. ஒரு ஸ்விகி ஆர்டர் ரெண்டைக் குறைச்சா சரியாயிடும். ஆனா நாலு மாசத்துல ஒரு கதை எழுதினவர், மீதி பதினொண்ணை எட்டு மாசத்துல வகுத்து மாசத்துக்கு ஒண்ணரைக் கதைன்னு எழுதுறது கணக்கு இல்லை, ஆசை. போன மூணு மாசத்துல உங்களால எது நிஜமா முடிஞ்சதோ அதைத்தான் அடுத்த மாசத்துக்குப் போடணும். தறியோட வேகத்தைத் திடீர்னு கூட்டினா மீட்டர் கூடாது, இழைதான் அதிகம் அறும். ஒரு கதை, அடுத்த மாசம் முக்கால் கதைன்னு இறக்குங்க. வருஷக் கடைசியில அஞ்சு வந்தா அஞ்சு.

எந்தப் பாக்கியை முதல்ல அடைக்கணும்ங்கிறதும் இதுல இருக்கு. கேமராப் பணம் ரெண்டு மாசம் தள்ளிப் போனா ரெண்டு மாசம் கழிச்சு வாங்கலாம். கீபோர்டு அடுத்த வருஷமும் கத்துக்கலாம். ஆனா வயசானவங்களோட பேச்சு, குழந்தைங்களோட இந்த வயசுப் போட்டோ, இடிக்கப் போற வீட்டோட படம் மாதிரி விஷயங்களை அப்புறம் வட்டியோட சேர்த்தும் கட்ட முடியாது. ஷீட்ல அந்த மாதிரி வரிகளுக்கு மட்டும் வேற கலர் கொடுங்க. நான் மஞ்சள் கொடுத்திருக்கேன். மாசக் கணக்குப் பார்க்கிறப்ப மஞ்சள் வரி காலியா இருந்தா, வேற எந்த வரி நிறைஞ்சிருந்தாலும் அந்த மாசத்தை "ஓகே"ன்னு மூடுறதில்லை.

எப்போ பார்க்கணும்? சம்பளம் விழுந்த பிறகு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை. இஎம்ஐ, எஸ்ஐபி, கிரெடிட் கார்டு பில் எல்லாம் எப்படியும் அப்போ பார்ப்பீங்க. அதோட சேர்த்து இருபது நிமிஷம். தினமும் பார்க்க ஆரம்பிச்சா ஷீட் போடுறதே வேலையாயிடும், அது எனக்கே நடந்திருக்கு.

போன ஞாயித்துக்கிழமை நான் எழுதின மஞ்சள் வரி இது. அம்மிச்சி பேச்சுப் பதிவு. வெச்சது ரெண்டு, நடந்தது ஒண்ணு. ஏன் நின்றது: க.வி, கல்யாண விசேஷம், ரெண்டு முகூர்த்தம். அடுத்த மாசம் ரெண்டு. முதல் பதிவு வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு, தறி நிற்கிற நேரம். அப்புச்சியும் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். போன தடவை அம்மிச்சி ஒரு வருஷத்தைத் தப்பாச் சொன்னப்ப, அவர் கையை ஆட்டி இல்லைன்னுட்டு, நோட்டைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினார்.