ஓடினால்தான் ரயில்

காலை மணி ஆறு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள டவின் என்ற சிறிய கடற்கரை ஊர் இன்னும் முழுமையாக விழிக்கவில்லை. ஆனால், அங்குள்ள ரயில் கொட்டகையில் ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் ரயில் புறப்படப் பல மணி நேரம் இருக்கிறது. இருந்தாலும் அவர் இப்போதே வந்தாக வேண்டும். நீராவி என்ஜினைச் சாவியைத் திருகி இயக்கிவிட முடியாது.

அவர் உடனே தீ மூட்டுவதில்லை. கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை முதலில் கண்ணாடிக் குழாயில் பார்க்கிறார். போதிய தண்ணீர் இல்லாமல் தீ மூட்டினால், தீயறையின் மேல்தகடு அளவுக்கு மீறிச் சூடாகி வளைந்துவிடும், கொதிகலன் வெடிக்கவும்கூடும். அதனால் அந்தத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு சிறிய திருகாணியைப் பொருத்தியிருப்பார்கள். தண்ணீர் குறைந்து தகடு சூடேறினால் ஈயம் உருகும். அந்தத் துளையின் வழியாக நீராவி பீறிட்டுத் தீயின்மேல் பாய்ந்து, ஆபத்து வந்துவிட்டதை உணர்த்தும். மின்சாரமோ கணினியோ இல்லாமல் வேலை செய்யும் எச்சரிக்கைக் கருவி அது.

அடுத்து, முந்தைய நாளின் சாம்பலை அள்ளுகிறார். எண்ணெய் தோய்ந்த துணியையும் விறகையும் வைத்துத் தீ மூட்டுகிறார். நிலக்கரியைச் சிறிது சிறிதாகப் போடுகிறார். அவசரப்பட்டால் தகடுகள் சீராக விரியாமல், இணைப்புகளில் கசிவு ஏற்படும். நீராவி அழுத்தம் கூடும்வரை அவர் சும்மா இருப்பதில்லை. என்ஜினுக்கு அடியில் புகுந்து, உராயும் பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் விடுகிறார்.

இத்தனை வேலைக்கும் அவருக்குச் சம்பளம் கிடையாது. அவர் ஒரு தொண்டூழியர்.

அவர் பணியாற்றுவது டாலிலின் ரயில்பாதையில். மலையிலிருந்த சுரங்கத்திலிருந்து, கூரை வேயப் பயன்படும் சிலேட்டுக்கற்களைக் கொண்டுவருவதற்காக 1865இல் திறக்கப்பட்ட பாதை அது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 69 சென்டிமீட்டர்கூட இல்லை. 1946இல் சுரங்கத்தில் சரிவு ஏற்பட்டு, வேலை நின்றுபோனது. ஏற்றிவரக் கற்கள் இல்லாவிட்டாலும், தாம் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் உறுதியளித்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அவர், 1950 ஜூலையில் காலமானார்.

இனிப் பாதையை மூட வேண்டியதுதான் என்றே பலரும் நினைத்தனர். எழுத்தாளரும் பொறியாளருமான டாம் ரோல்ட் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், அவரும் நண்பர்களும் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டம் கூட்டினர். ஒரு சங்கம் பிறந்தது. 1951 மே 14ஆம் தேதி, அச்சங்கத்தின் முதல் ரயில் ஓடியது. தொண்டூழியர்கள் ஏற்று நடத்திய உலகின் முதல் ரயில்பாதை என்று இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆர்வம் நிறைய இருந்தது. மற்றவை எல்லாம் குறைவாகவே இருந்தன. தண்டவாளங்களைத் தாங்கிய மரக்கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. புல்தான் தண்டவாளங்களை விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இருந்த இரண்டு என்ஜின்களில் ஒன்றை ஓட்டவே முடியவில்லை. 1866இல் செய்யப்பட்ட டோல்கோக் என்ற மற்றொன்றே எல்லாப் பயணங்களுக்கும் ஓடியது. அது பழுதானால் அன்றைக்கு ரயிலே இல்லை! அருகிலிருந்த காரிஸ் ரயில்பாதை 1948இல் மூடப்பட்டிருந்தது. அங்கும் தண்டவாளங்களின் இடைவெளி இதே அளவுதான். அதன் இரண்டு என்ஜின்களைச் சங்கம் தலா 25 பவுண்டுக்கு வாங்கியது.

இந்த என்ஜின்களை நீங்கள் வேறு பெயர்களில் அறிந்திருக்கக்கூடும். ‘தாமஸ்’ என்னும் நீலநிற ரயிலின் கதைகளைப் படைத்த பாதிரியார் ஆட்ரி, இங்கே கார்டாகத் தொண்டூழியம் செய்தவர். அவருடைய கதைகளில் வரும் ரெனியாஸ், இந்த டோல்கோக்கைப் பார்த்து உருவானதுதான்.

பழைய என்ஜின்மீது உண்மையான அன்பு இருந்தால், அதை ஓட்டாமல் அரும்பொருளகத்தில் பத்திரமாக வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓடும் என்ஜின் தேய்கிறது. தேய்ந்த பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். கொதிகலனுக்குள் உப்புப் படிவதால், அதை அடிக்கடி திறந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கொதிகலனைத் தனியாகக் கழற்றி, உள்ளே உள்ள குழாய்களை எல்லாம் வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆய்வாளர் ஒப்புதல் தராவிட்டால் என்ஜினை இயக்க முடியாது. டோல்கோக்கின் பழைய கொதிகலனும் ஒரு கட்டத்தில் இவ்வாறு மாற்றப்பட்டதுதான். அப்படியானால், இன்று ஓடுவது 1866ஆம் ஆண்டின் என்ஜினா, வேறொன்றா?

என்னைக் கேட்டால், ஓடட்டும் என்றே சொல்வேன். அரும்பொருளகத்தில் நிற்கும் என்ஜின் இரும்பைக் காப்பாற்றித் தருகிறது. ஆனால், அந்த இரும்பை இயக்கும் கைத்திறனை அதனால் காப்பாற்ற முடிவதில்லை. ஓர் ஏற்றத்திற்குச் சற்று முன்பே எவ்வளவு நிலக்கரி போட வேண்டும், சக்கரம் வழுக்கப்போவதை எந்த ஓசை காட்டிக்கொடுக்கும் என்பவற்றைப் புத்தகத்தில் எழுதலாம். படித்தவுடன் செய்துவிட முடியாது. பாகங்களின் கதையும் அதுவே. தேய்ந்த பாகத்திற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. மரத்தில் அச்சு செய்து, உலோகத்தை வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும். பழைய திருகாணிகளின் புரிகள்கூட இன்றைய அளவில் இல்லை.

ஆகவே, புதிதாகச் சேர்பவர் முதலில் என்ஜினைத் துடைக்கிறார். சலிப்பூட்டும் வேலை போலத் தோன்றும். ஆனால், எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த இடத்தில் விரிசல் விழக்கூடும் என்பதை அவர் கற்றுக்கொள்வது அழுக்குத் துணியோடு நிற்கும் அந்த நேரத்தில்தான். பிறகு நிலக்கரி இடுபவர் ஆகிறார். ஓட்டுநர் ஆவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சம்பளம் பெறும் ஊழியர்கள் சிலரும் உண்டு. விடுமுறை நாள்களில் வருபவர்களை மட்டும் நம்பிக் கொதிகலனைப் பராமரிக்க இயலாது.

2021இல் யுனெஸ்கோ, வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பகுதியை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. இந்த ரயில்பாதையும் அதில் அடங்கும். பெருமை வந்தது, சிக்கல்களும் வந்தன. நீராவி என்ஜின்களுக்கு ஏற்ற நிலக்கரியை வெட்டியெடுத்துவந்த வேல்ஸின் பெரிய சுரங்கம் ஒன்று 2023இல் மூடப்பட்டது. நிலக்கரிப் புகை பூமிக்கு நல்லதல்ல என்பதை யாரும் மறுக்கவில்லை. பிரிட்டனின் மரபுடைமை ரயில்பாதைகள் இப்போது வெளிநாட்டு நிலக்கரியை வாங்குகின்றன. நிலக்கரித் தூளோடு வேறு பொருள்களைக் கலந்து செய்த உருண்டைகளையும் எரித்துப் பார்க்கின்றன. புதிய எரிபொருள் பழையதைப் போலவே எரிவதில்லை. தீ எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், காற்றை எப்போது திறந்துவிட வேண்டும் என்பதைப் பல ஆண்டு அனுபவம் உள்ள ஓட்டுநர்களும் மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.