மயக்கத்தில் இருக்கும் பூனைக்கும் குளிரும்

டிசம்பர் மாதக் காலையில் கண்டியில் போர்வையை விட்டு எழும்பவே மனம் வராது. நமக்கே இப்படியென்றால், மயக்க மருந்து ஏற்றி, வயிற்று மயிரை மழித்து, ஸ்பிரிட் பூசி, உலோக மேசையில் கிடத்திய இரண்டு கிலோ பூனைக்கு எப்படியிருக்கும்?

பூனையின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். குளிர்ந்தால் அது சுருண்டு படுக்கும், நடுங்கும், அடுப்படியைத் தேடிப் போகும். மயக்க மருந்து இவை மூன்றையும் பறித்துவிடுகிறது. மூளையில் வெப்பத்தைச் சீராக்கும் பகுதி மந்தமாகிறது. குருதிக் கலன்கள் விரிவதால் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கால்களுக்கும் தோலுக்கும் பரவி வெளியேறுகிறது. முதல் ஒரு மணித்தியாலத்திலேயே வெப்பநிலை விரைவாக இறங்குவது இதனால்தான்.

உருவம் சிறிதென்றால் இழப்பு அதிகம். கணிதப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரமுகியின் மேற்பரப்பு 600, கனவளவு 1000. பக்கம் 1 சென்ரிமீற்றரானால் மேற்பரப்பு 6, கனவளவு 1 மட்டுமே. சூட்டைச் சேமிக்கும் உடல் கொஞ்சம், இழக்கும் தோல் அதிகம். மாட்டை விடப் பூனைக்கும், பூனையை விட முயல்குட்டிக்கும் ஆபத்து கூடுவது இப்படித்தான்.

குளிர்ந்த உடல் மருந்தை மெதுவாகவே சிதைக்கும். மயக்கம் தெளியத் தாமதமாகும், இதயத் துடிப்பு குறையும், குருதி உறைவதும் பாதிக்கப்படும். ஆகவே மிருக வைத்தியர்கள் மயக்குவதற்கு முன்பே பிராணியைச் சூடாக வைத்து, மேசையில் விரிப்பிட்டு, பாதங்களைச் சுற்றி மூடி, அடிக்கடி வெப்பநிலையை அளக்கிறார்கள். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் நமக்கு அருகே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உயிரியல் படிக்கும் தங்கையர் அதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒன்று. இரக்கத்தால் பலர் சுடுநீர்ப் போத்தலைப் பூனையின் உடம்போடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். விழித்திருந்தால் அது விலகிப்போகும். மயக்கத்தில் இருப்பதால் விலக முடியாமல் தோல் வெந்துபோகும். காயம் சில நாட்களுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியவும் கூடும். இளஞ்சூட்டு நீரை நிரப்பி, போத்தலைத் தடித்த துவாயில் சுற்றி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகு சற்றுத் தள்ளி வையுங்கள். முச்சக்கர வண்டியில் கொண்டுவரும்போது கூடைக்குள் துவாய் விரித்து, காற்று அடிக்காமல் மூடுங்கள். மூச்சுவிட இடம் இருக்கட்டும். போத்தல் ஆறியதும் எடுத்துவிடுங்கள், ஆறிய போத்தல் பூனையின் சூட்டையே உறிஞ்சும்.