அரிசியும் ஆரோக்கியமும்: தவிடு கற்பிக்கும் பாடம்

நெல் நம் அங்கத்தினர்களுக்குப் புதிய பொருளன்று. உழவர் அதை விளைவிக்கிறார். நெசவாளர் அதை வாங்கி உண்கிறார். ஆயினும் களத்திலிருந்து இலைக்கு வந்து சேருமுன் அந்த நெல்லுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் அதிகம் ஆராய்வதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியதே.

காரைக்காலில் வாழும் நமக்கு இது படித்து மறக்கத்தக்க விஷயமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்ற ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டு என அது கண்டது. நமது புதுச்சேரிப் பிரதேசத்திலோ அத்தொகை நூற்றுக்கு 26.3, கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே உயர்ந்த அளவு இதுதான். அதாவது, நால்வரில் ஒருவர். இந்நோய் முற்றினால் கண்ணின் உட்திரையையும் பாதத்தின் நரம்புகளையும் கெடுக்கும். இழையைக் காணக் கண்ணும், மிதியை அழுத்தக் காலும் இன்றித் தறியில் அமர முடியுமா? சேற்றில் இறங்குபவருக்குக் காலில் பட்ட காயம் தெரியாமற் போனால் என்னாகும்? ஆகவே, இது நம் பிழைப்பையே தொடும் விஷயம்.

1. நெல்மணியின் அமைப்பு

நெல்லின் மேலே உமி; அதனுள்ளே மெல்லிய தவிட்டுப் படலம்; ஒரு முனையில் முளைக்கரு; நடுவில் மாவுப்பொருள். ஏறத்தாழ 100 கிலோ நெல்லில் 20 கிலோ உமியாகக் கழிகிறது. எஞ்சும் 80 கிலோ தீட்டப்படாத அரிசி. ஆலையில் அதைத் தீட்டி வெளுக்கும்போது 8 கிலோ வரை தவிடாகவும் முளையாகவும் பிரிந்துவிடுகிறது. எடையில் இது சிறு பங்கே. ஆயினும் அரிசியிலுள்ள நாரும், எண்ணெயும், உயிர்ச்சத்துக்களும் பெரும்பாலும் இப்பங்கிலேயே அடங்கியுள்ளன. தவிட்டெண்ணெய் ஆலைகளும் மாட்டுத் தீவனம் செய்வோரும் இதன் மதிப்பை நன்கு அறிவர். அதை விற்றுவிட்டு வெண்மையை வாங்கி உண்பவர் நாமே.

2. மலேயாவில் தெரிந்த உண்மை

தவிட்டின் அருமையை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்காசிய நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் பல உயிர்களைக் கொண்டது. கால்கள் மரத்து வலுவிழக்கும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் தளரும். ஜாவாவில் பணிபுரிந்த டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் இதையொத்த நோயுற்றதையும், தவிடு நீக்காத அரிசியால் அவை தேறியதையும் கண்டார்.

அக்காலத்தில் நமக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் மலேயாவுக்குக் கப்பலேறினர். அங்கே பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மிகுந்திருந்தது. தமிழரிடையே அது அரிதாயிருந்தது. காரணம் யாதெனில், தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1905-ஆம் ஆண்டளவில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் அளிக்கச் செய்தார். முதற் பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். மற்றப் பிரிவில் புதிதாக எவருக்கும் நோய் தோன்றவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் சாலை வேலைக்கு வந்திருந்த ஜாவானியத் தொழிலாளரிடையே சோதனை நடத்தி, தீட்டும்போது கழியும் பகுதியிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என நிறுவினர்.

புழுங்கலின் சூட்சுமம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தில் ஒரு பகுதி மணியின் உட்புறம் புகுந்துகொள்கிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. அச்சத்துக்கு இன்று தயாமின் என்று பெயர். 1912-இல் பங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பொதுப்பெயர் இட்டார். தயாமினை 1936-இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வில்லியம்ஸ், நமது நெல்லூரில் பிறந்தவர். ஐக்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் நெல்லை அவித்து உலர்த்தும் முறையை நம் இல்லத்துப் பெண்கள் இவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர்.

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் அரிசியிலுள்ள தயாமின் பின்வருமாறு: தீட்டாத அரிசியில் 0.27 மில்லிகிராம், தீட்டிய புழுங்கலில் 0.17; தீட்டிய பச்சரிசியில் 0.05.

3. குன்னூர் தந்த எச்சரிக்கை

இதனால் புழுங்கல் சோறு ஒன்றே போதும் என்று எண்ணிவிடலாகாது. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918 முதல் உணவு ஆராய்ச்சி செய்த மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியன கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு கொழுத்தன. பெரும்பகுதி சோறாகவும், பாலும் பருப்பும் சொற்பமாகவும் அமைந்த சென்னை மாகாண உணவை உண்டவையே எடையில் கடைசியில் நின்றன. அவருடைய ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, மேற்கூறிய நிறுவனமாக விளங்குகிறது. சோற்றுக்குத் துணையாக வருவது எது என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

4. இன்றைய நோய், பழைய கேள்வி

இன்று நம்மிடையே பெரிபெரி இல்லை. அதன் இடத்தை நீரிழிவு பிடித்துக்கொண்டது. இதற்குப் பரம்பரை, உடற்பருமன், உழைப்புக் குறைவு எனப் பல காரணங்கள் உண்டு. உணவு அவற்றுள் ஒன்று. 21 நாடுகளில் 1,32,000-க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு கவனித்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. தென்னாசியாவில் நாள்தோறும் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்டோருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டோரைக் காட்டிலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் மிகுந்திருந்தது. தட்டில் குவித்த சோறு அந்த 450 கிராமை எளிதில் எட்டிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

சென்னையிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் பொன்னி, சோனா மசூரி, சூரத்தி கோலம் ஆகிய தீட்டிய அரிசிகளைச் சோதித்தனர். மூன்றுமே இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்தும் வகுப்பைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. உடல் பருத்தவர்களுக்கு வெள்ளரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசியை அளித்துப் பார்த்தபோது, சர்க்கரையின் ஏற்றம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தணிந்தது. தயாமினைக் காத்துத் தரும் புழுங்கல் முறை, தீட்டுதலால் இழந்த நாரை மீட்டுத் தருவதில்லை. எனவே, முன்னோரைக் காத்தது என்பதற்காக இன்றைய வெள்ளைப் புழுங்கலை நீரிழிவுக்குக் கவசமாகக் கருத வேண்டாம்.

இன்னொரு முடிவையும் மறைக்காமற் கூற வேண்டும். 2025-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, நம் மக்கள் பெறும் உணவாற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கும் சிறுதானியத்துக்கும் மாறினால் மட்டும் போதாது. மாவுச்சத்தின் மொத்த அளவே குறைய வேண்டும் என்றது அவ்வாய்வு. அதில் சிறு பங்கைப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தால் ஈடுசெய்தோருக்கு நோய் வாய்ப்புக் குறைந்திருந்தது.

5. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சோற்றின் அளவைச் சிறிது குறைத்து, அவ்விடத்தைப் பயறும் கீரையும் மீனும் நிரப்பட்டும். நம் கழனிகளில் நெல் அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் விளைகின்றன. கடலோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டில் சோறும் ரசமுமாகக் காலங்கழிப்பது சிக்கனமாகாது. விற்குமுன் வீட்டுத் தேவைக்கு ஒரு மூட்டை ஒதுக்குக.

இரண்டாவது, அரவைக்குக் கொடுக்கும்போது குறைவாகத் தீட்டும்படி கேளுங்கள். தீட்டல் குறையக் குறைய, அதே நெல்லில் கிடைக்கும் அரிசியின் எடை கூடும். தீட்டாத அரிசி தவிட்டெண்ணெயால் விரைவில் சிக்குவாடை கொள்ளும். வேகவும் அதிக நேரமாகும். ஆகவே, சிறுகச் சிறுக அரைத்து, நன்கு ஊறவைத்துச் சமைக்க வேண்டும். தனி ஒருவர் இதைச் செய்வது கடினம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் ஒருமுறை அரைத்துப் பகிர்ந்துகொண்டால் எளிது. கூட்டுறவு என்பது இதற்குத்தானே?

மூன்றாவது, அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் தயாமின் நீரோடு போகிறது. கழுவுவதைக் குறைத்து, வடித்த கஞ்சியைப் பயன்படுத்துக.

நான்காவது, முப்பது வயது கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வாராக. ஏற்கெனவே மருந்து உண்போரும், சிறுநீரக நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றலாகாது.

அங்கத்தினர் கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுத்தது எவ்வாறு? நீரிழிவை அது ஏன் தடுப்பதில்லை?

2. நம் வீட்டில் ஒருவர் ஒருநாளில் உண்ணும் சோற்றின் எடை என்ன? ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

3. குறைவாகத் தீட்டிய அரிசியை நம் சங்கத்தின் மூலம் மாதந்தோறும் வழங்குவதற்கு என்னென்ன ஏற்பாடுகள் தேவை?