விஞ்ஞானத்தை எடுத்துரைத்தலும் ஒரு கல்வியே

கற்றல் வேறு, கற்றதைப் பிறர் கொள்ளுமாறு எடுத்துரைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தே வள்ளுவனார் கல்விக்கு ஓர் அதிகாரமும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தனர். விஞ்ஞானத்துக்குரிய சொல்வன்மை இன்று பல்கலைக்கழகங்களிற் பட்டப்பின் கல்வியாகப் பயிலப்படுகின்றது. 'விஞ்ஞானத் தொடர்பாடல்' என்பது அதன் பெயர். அதன் இயல்பையும் தேவையையும் நம் மாணவர் அறிதல் நன்றென எண்ணி இச்சிறு கட்டுரையை வரையலானேன்.

பொதுமக்களுக்கு விஞ்ஞானம் உரைத்தல் புதிய வழக்கன்று. இலண்டன் றோயல் நிறுவனத்தில் இளைஞர்க்கான நத்தார்ச் சொற்பொழிவுகள் 1825இல் தொடங்கின. எரியும் மெழுகுதிரியொன்றைக் காட்டியே மைக்கேல் பரடே ஆங்கு இரசாயனத்தை விளக்கினார். எனினும், இப்பணி ஒரு தனிப் பாடநெறியாக வளர்ந்தது அண்மைக் காலத்திலேயாகும். 1985இல் றோயல் சங்கம் வெளியிட்ட அறிக்கை, மக்களுக்கு விளக்குதல் விஞ்ஞானிகளின் கடமையென வற்புறுத்தியது. 1991இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி இத்துறையில் விஞ்ஞான முதுமாணிப் பாடநெறியைத் தொடங்கிற்று. இத்தகைய பாடநெறிகளில் எழுத்து, வானொலி, தொலைக்காட்சி, நூதனசாலை ஆகியவற்றின் பயிற்சியோடு, விஞ்ஞானத்தின் வரலாறும் சமூகவியலும் கற்பிக்கப்படுகின்றன.

எழுதப் பழகினாற் போதாதோ, சமூகவியல் எதற்கு என வினவுவார்க்கு ஒரு நிகழ்ச்சியை விடையாகக் கூறலாம். 1986 ஏப்பிரிலிற் செர்னோபில் அணுவுலை வெடித்தபின், அதன் கதிர்வீச்சுச் சீசியம் மழையோடு கலந்து இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்புறத்து மேய்ச்சல் நிலங்களில் வீழ்ந்தது. செம்மறி விற்பனைக்கு யூன் மாதத்தில் மூன்று வாரத் தடை விதிக்கப்பட்டது. அதற்குட் சீசியம் மண்ணிற் கட்டுண்டுவிடும் என்றனர் நிபுணர். அவர் கணக்குக் களிமண்ணுக்குப் பொருந்துவது. அம்மலைப்புறத்து மண்ணோ அமிலச் சேற்றுமண். அங்கே சீசியம் மீண்டும் மீண்டும் புல்லிலேறிற்று. தடை நீண்டது, இறுதிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012இலேயாம். மந்தைகளுக்கு வேறு தீனி கொடுங்கள் என்று கூறப்பட்ட யோசனை மலைநாட்டு ஆடுகளுக்கு ஒவ்வாதென மேய்ப்பர் அறிந்திருந்தனர்; அவர்களைக் கேட்பாரில்லை. இதனை ஆராய்ந்த பிறையன் வின் என்னும் அறிஞர், மக்கள் நம்பிக்கையிழந்தது அறியாமையாலன்று, தம் அறிவு புறக்கணிக்கப்பட்டமையாலேயே எனக் காட்டினார். கேட்போர் வெறுங்குடமல்லர் என்பதே இக்கல்வியின் முதற்பாடம்.

இது பிறநாட்டார் கதையென ஒதுக்கற்க. என் பிழையொன்றையும் ஈண்டுக் கூறல் வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் எம்மூர்ச் சனசமூக நிலையத்தார், கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றுப் பற்றி ஓர் அறிவித்தல் எழுதித் தருமாறு கேட்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையிலே தங்குவது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனுள் எளிதிற் புகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும். இவற்றையெல்லாம் பிழையற்ற தமிழில் எழுதிக் கொடுத்து மனநிறைவு கொண்டேன்.

அதனைப் படித்த மூதாட்டி ஒருவர், பேரக்குழந்தையை இடுப்பிற் சுமந்தபடி, “தம்பி, நாங்கள் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே பால் கரைக்கிறம், பிறகென்ன பயம்?” என்றார். நான் திடுக்கிட்டேன். கொதித்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு மிகும். சுகாதாரப் போதனையை அம்மூதாட்டி செவ்வனே கற்றிருந்தார். அவர் முன்னரே அறிந்திருந்தது யாதென நான் எண்ணிப் பாராமையே பிழை. மறுநாளே, “கொதிக்க வைத்தாலும் இது நீங்காது, குழந்தைக்கு வேறு நல்ல நீர் கொடுங்கள்” என முதல் வரியை மாற்றினேன்.

இப்பணிக்கு நம் மண்ணிலேயே முன்னோடி ஒருவர் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார்; 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. கற்போர் மொழியைத் தாம் முதலிற் கற்றமையே அவர் சிறப்பு.

விஞ்ஞானமாணிப் பட்டம் பெறும் நம் கல்லூரிச் செல்வருட் சிலரேனும் இத்துறையில் முதுமாணிக் கல்வியை நாடுவாராக. பட்டதாரிகளாகிய பழைய மாணவர், தாம் கற்றதொன்றைத் தம் ஊராருக்கு ஆண்டுக்கொருமுறையேனும் எடுத்துரைப்பாராக. உரைக்குமுன், அவர்கள் உரைப்பதைக் கேட்பாராக. நம் கல்லூரியன்னைக்கு இவ்விழா ஆண்டில் நாம் செலுத்தும் காணிக்கை அதுவாகுக.