போட்டோவில் இருப்பது எந்த நீள்கொம்பு வண்டு?

இரவில் வாசல் விளக்குக்கு வந்து விழும் பெரிய சாம்பல்நிற வண்டை அவசரமாக ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் பெயர் கேட்டால், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று படம் வேண்டும்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று. பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. எந்த ஊர், எந்த மாதம், எந்த மரம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் பிடிப்பதானால் கவனம். பட்டையைக் கடிக்கிற தாடை விரலை விட்டுவைக்காது.

முதலில், அது நீள்கொம்பு வண்டுதானா? கொம்பின் நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். பல இனங்களில் ஆணைவிடப் பெண்ணுக்குக் கொம்பு சிறிது, உடைந்துபோயும் இருக்கலாம். காப்பிச் செடியைக் குடைகிற வெள்ளைத் தண்டுத்துளைப்பானும் இதே குடும்பம்தான், கொம்போ குட்டை. கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது முழு வட்டமாக இராது; அவரை விதைபோல் ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கும். கொம்பு முளைப்பது அந்தக் குழிவை ஒட்டித்தான்.

அடுத்து முகம். நெற்றி செங்குத்தாகக் கீழிறங்கினால் லாமினே என்ற துணைக்குடும்பம். வாய் முன்னோக்கி நீண்டிருந்தால் அநேகமாக வேறொன்று. இந்த ஒரு படமே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். ஆனால் பலரும் எடுக்காமல் விடுவது இதைத்தான்.

லாமினே, இரண்டு நாணய நீளம், மாமரத்தடி என்றால் மா தண்டுத்துளைப்பானைச் சந்தேகிக்கலாம். அறிவியல் பெயர் பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா. மார்பின் மேல் இரண்டு வளைந்த செம்மஞ்சள் புள்ளிகள், இருபுறமும் ஒவ்வொரு கூர்முள், இறக்கை உறைகள் தொடங்கும் இடத்தில் கருப்புக் குருணைகள், உறைகளுக்கிடையே சிறு வெள்ளை முக்கோணம். புள்ளியின் நிறத்தை அளவுகோலாக்காதீர்கள்; செத்த வண்டில் அது வெளுத்துவிடும்.

இதன் உறவான பட்டோசெரா ரூபஸுக்கும் மார்பில் இப்படிப் புள்ளிகள் உண்டு. படம் மங்கலாக இருந்தால் 'பட்டோசெரா' என்ற பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல், அந்த இனம் நம் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மா தண்டுத்துளைப்பான்தான் என்று உறுதியானால் அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். துளை, வழியும் சாறு, உதிர்ந்த மரத்தூள் தென்பட்டால் உள்ளே புழு இருக்கக்கூடும். அவற்றையும் படமெடுத்து வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.