எல்லா இருமலும் காசமல்ல



தாம்பரம் என்றதும் நம் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது சானடோரியம்தான். டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கிய அந்தக் காசநோய் மருத்துவமனையை 1937-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதனாலோ என்னவோ, பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர்ப் பக்கம் யாராவது இரண்டு மாதம் இருமினால், பக்கத்து வீட்டாரே "டிபி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எல்லா இருமலும் காசமல்ல என்பதை ஒரு சகோதரி மூலமாக நாங்களே கற்றுக்கொண்டோம்.

அவருக்குச் சிறுபிராயத்திலிருந்தே வீசிங் உண்டு. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால், சளியில் கிருமி காணப்படாதபோதும், வெளியே ஓரிடத்தில் இரண்டு தடவை காசநோய் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். பெற்ற குழந்தையைத் தூக்கவும் விடவில்லை. நாங்களும் படுக்கையருகே நின்று, "மாத்திரையை விடாமல் சாப்பிடும்மா" என்று தைரியம் சொல்லி ஜெபித்தவர்கள்தான். அதை மறைப்பதற்கில்லை.

ஒருநாள் காலையில் அவர் இருமித் துப்பியதை நர்ஸம்மா கவனித்தார். தவிட்டு நிறத்தில், ரப்பர்போல் கெட்டியான சிறு கட்டி. டாக்டரிடம் காட்டியபோது பரிசோதனைகள் தொடங்கின. ஐஜிஇ என்னும் ஒவ்வாமைப் புரதம் ரத்தத்தில் 1000 யூனிட்டுக்கு மேல் இருந்தது. தோல் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் அதையே உறுதிசெய்தன. வியாதியின் பெயர் ஏபிபிஏ. 1952-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்தது.

ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்ணிய விதைகளை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். ஈரச் சுவர், மக்கிய குப்பை, பழைய தானியம் எல்லாவற்றிலும் அது உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளில் சுவரெல்லாம் கறுத்திருந்ததை மறக்க முடியுமா? ஆரோக்கியமான நுரையீரல் அந்த விதைகளைத் துடைத்து வெளியே தள்ளிவிடும். சில ஆஸ்துமாக்காரரிடமோ அவை சளியில் ஒட்டி முளைத்துவிடுகின்றன. சரீரம் அதைச் சத்துருவாகக் கண்டு மிதமிஞ்சி எதிர்க்க, அந்தப் போராட்டத்தில் சளி பெருகி, இறுகி, மூச்சுக்குழாயை அடைக்கிறது. கவனிக்காமல் விட்டால் குழாய்கள் நிரந்தரமாக விரிந்து கெட்டுப்போகும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதல்ல. தனித் தட்டு தேவையே இல்லை!

சிகிச்சைக்கு இரண்டு வழி. ப்ரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு எதிர்ப்பை அடக்கும்; இட்ராகோனசோல் பூஞ்சையைக் குறைக்கும். சண்டிகர் மருத்துவர்கள் 131 நோயாளிகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு பெற்ற அனைவருக்கும், இட்ராகோனசோல் பெற்றவர்களில் 100-க்கு 88 பேருக்கும் குணம் தெரிந்தது. ஆனால் பக்கவிளைவு இரண்டாவதில் குறைவு. இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்கவேண்டும். அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்தால் சரியாக வேலைசெய்யாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியாகவேண்டும். சளி இளக உப்புநீர் ஆவியும், முதுகு தட்டும் பயிற்சியும் உதவும். இறுகிய அடைப்பை ப்ராங்கோஸ்கோப் குழாய் விட்டு எடுப்பதுமுண்டு.

ஒரு வார்த்தை: இதை வாசித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிருமி உறுதியானால் அதை முழுவதும் முடித்தே தீரவேண்டும்.

மாதக்கணக்கில் தொடரும் இந்த மருந்தை வாங்க அந்தக் குடும்பத்துக்கு வசதியில்லை. உங்கள் காணிக்கையில்தான் அது நடக்கிறது. வியாதி திரும்பி வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஐஜிஇ பார்க்கிறோம். குழந்தை இப்போது அம்மாவின் மடியில் தூங்குகிறது. மாமியார் மட்டும் டம்ளரை இன்னும் தனியாகவே கழுவி வைக்கிறார்கள். அவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.