இரத்தச் சோகையும் லூசி வில்ஸ் அம்மையாரும்

பலமனேர் வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளரின் பையில் சிவப்பு நிற மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். கருவுற்ற மகளிருக்கு நாள்தோறும் ஒன்றாக அளிக்கப்படும் அம்மாத்திரையில் இரும்புச் சத்து 60 மில்லிகிராமும், போலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் உள்ளன. பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறை வழங்கப்படும் நீல மாத்திரையிலும் இவ்விரண்டு பொருள்களே அடங்கியுள்ளன.

இரும்பு எதற்கு என்று கேட்டால் பெரும்பாலோர் விடை கூறிவிடுவர். மற்றொரு பொருள் எதற்கு என்று கேட்டால் தயங்குவர். அப்பொருளைத் தேடும் முயற்சி நம் நாட்டிலேயே, பம்பாய் நகரத்து ஏழைத் தாய்மார்களிடையே தொடங்கியது. அதனைத் தொடங்கி வைத்தவர் லூசி வில்ஸ் என்னும் மருத்துவ அம்மையார். அவருடைய பணியின் வரலாற்றை அறிந்தால், நாம் கையில் கொடுக்கும் மாத்திரையின் பொருளும் விளங்கும். ஆராய்ச்சி என்பது எங்ஙனம் நடைபெறுகிறது என்பதும் விளங்கும்.

இளமையும் கல்வியும்

லூசி வில்ஸ் 1888 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவர இயலும் நில இயலும் பயின்று 1911 இல் தேர்வு பெற்றார். அக்காலத்தில் பெண்கள் அங்குத் தேர்வு எழுதலாம். ஆயின் ஆடவருக்குரிய பட்டத்தை அவர்களுக்கு அளிக்க மாட்டார்கள். பின்னர் இலண்டனில் பெண்களுக்கென அமைந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920 இல் மருத்துவரானார். நோயாளியின் படுக்கை அருகே நின்று மருந்து தருவதைக் காட்டிலும், நோயின் காரணத்தை ஆய்வுக் கூடத்தில் தேடுவதிலேயே அவர் உள்ளம் சென்றது.

பம்பாயில் எழுந்த கேள்வி

1928 இல் அவர் இந்தியாவிற்கு வந்தார். கருவுற்ற காலத்தில் தோன்றும் கொடிய இரத்தச் சோகை ஒன்று அப்போது பம்பாயில் பல தாய்மார்களின் உயிரைக் கவர்ந்து வந்தது. மகப்பேற்றில் நேரும் இறப்புகளைப் பற்றி மார்கரெட் பால்ஃபர் அம்மையார் அந்நகரில் ஆராய்ந்து வந்தார். அவ்வாராய்ச்சியில் இச்சோகையின் பகுதியை வில்ஸ் ஏற்றுக்கொண்டார். ஹாஃப்கின் நிலையம் அவருக்குப் பணியிடமாயிற்று.

இந்நோயாளிகளின் இரத்தத்தை நுண்பெருக்கியில் நோக்கியபோது, செவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் காணப்பட்டன. இரும்புக் குறைவினால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். ஆகவே இது வேறு வகைச் சோகை என்பது தெளிவு. காரணம் யாது?

முதலில் அவர் தொற்று நோயாக இருக்கலாமோ என்று ஐயுற்றார். குடலில் வாழும் கிருமிகளை ஆராய்ந்தார். காரணம் எனத்தக்க கிருமி எதுவும் அகப்படவில்லை. அதன் பின்னர் நோயாளிகள் உண்ணும் உணவின்பால் கருத்தைச் செலுத்தினார். பல்வேறு வகுப்பு மகளிர் அன்றாடம் உண்பன எவை, எவ்வளவு என்று கேட்டறிந்து குறித்துக்கொண்டார். பழமும் காய்கறியும் பாலும் இறைச்சியும் அரிதாகவே கிட்டிய ஏழை மகளிரிடையே இந்நோய் மிகுந்திருந்தது. நல்லுணவு கிட்டியவரிடையே குறைந்திருந்தது. குறை உணவில் உள்ளது என்னும் கருத்து இங்ஙனம் பிறந்தது.

எலியும் குரங்கும்

கருத்து தோன்றினால் போதாது. அதனைச் சோதித்தல் வேண்டும். நோயுற்ற மகளிர் உண்ட உணவைப் போன்ற உணவையே வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் சோகையுற்றன. அவ்வுணவோடு ஈஸ்ட் என்னும் நொதிப்பொருளைச் சேர்த்தபோது சோகை தோன்றவில்லை. 1929 ஆம் ஆண்டில் சில திங்கள்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தங்கி இவ்வாய்வுகளைத் தொடர்ந்தார். உணவு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இராபர்ட் மக்காரிசன் அங்கு ஆய்வுத் தலைவராக இருந்தார்.

இவ்விடத்தில் ஓர் இடையூறு நேர்ந்தது. எலிகளின் உடலில் வாழும் பேன்கள் பரப்பும் கிருமி ஒன்றும் அவற்றுக்குச் சோகையை உண்டாக்கியது தெரிய வந்தது. எனவே எலிகளில் கண்ட முடிவை மட்டும் நம்பி இருத்தல் இயலாது போயிற்று. வில்ஸ் அம்மையார் இதனை மறைக்கவில்லை, மனத்தளர்ச்சியும் கொள்ளவில்லை. மனிதருக்கு நெருங்கிய உடலமைப்புடைய குரங்குகளைக் கொண்டு ஆய்வை மீண்டும் நடத்தினார். குறைவான உணவினால் சோகையுற்ற குரங்குகள் ஈஸ்ட் சாற்றினால் தேறின.

தாய்மார்களுக்குக் கிடைத்த பயன்

அடுத்து நோயாளிகளுக்கே அச்சாறு கொடுக்கப்பட்டது. மார்மைட் என்னும் பெயருடன் கடைகளில் விற்கப்பட்ட ஈஸ்ட் சாறு அது. உயர்ந்த விலையுள்ள மருந்தன்று. ரொட்டியில் தடவி உண்ணும் பண்டம். அதனை உட்கொண்ட தாய்மார்களின் இரத்தத்தில் சில நாள்களிலேயே புதிய செவ்வணுக்கள் பெருகலாயின, உடல்நிலை தேறியது. இம்முடிவுகளை அவர் 1931 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அதே 1931 இன் தொடக்கத்தில் அவர் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குகிறது. பலமனேர் அடங்கிய சித்தூர் மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது என்பதையும் நம் வாசகர் நினைவு கூரலாம்.

இன்னும் ஒரு நுட்பம் அவருக்குப் புலப்பட்டது. 1926 முதல் மற்றொரு வகைக் கொடிய சோகைக்கு ஈரல் சிறந்த மருந்தாகக் கருதப்பட்டு வந்தது. நன்கு தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு அந்நோயைத் தீர்த்தது. ஆனால் வில்ஸ் கண்ட சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்காத ஈரல் சாறோ இதனையும் தீர்த்தது. எனவே ஈஸ்டிலும் பச்சை ஈரலிலும் இருந்து, தூய்மையாக்கும்போது நீங்கிவிடும் தனிப்பொருள் ஒன்று உண்டு என்று அவர் துணிந்தார். அதனை அறிஞர்கள் பல ஆண்டுகள் ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தனர்.

பெயர் பெற்ற பொருள்

1941 இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் பாலக்கீரையிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். ஆய்வுக் கூடத்தில் அதனை ஆக்கும் முறையை 1945 இல் வெளியிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். இவர் 1895 இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர். போலிக் அமிலக் குறைவை உண்டாக்கும் ஸ்புரு என்னும் குடல் நோய்க்குத் தம் உடன்பிறந்தார் ஒருவரை இளமையிலேயே பறிகொடுத்தவர். பம்பாயில் ஓர் அம்மையார் தொடங்கிய தேடல், தெலுங்கு நாட்டு அறிஞர் ஒருவரின் கையில் முற்றுப்பெற்றது எனலாம்.

உடலில் இதன் தொழில்

செவ்வணுக்கள் எலும்பு மச்சையில் உண்டாகின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதன் கருவில் உள்ள மரபுப் பொருள் முதலில் இரட்டிக்க வேண்டும். அம்மரபுப் பொருளை ஆக்குவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் அணு பருக்கும், ஆனால் பிரியாது. ஆகவேதான் அணுக்கள் பெருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் காணப்படுகின்றன. இரும்போ செவ்வணுவுக்குள் இருந்து உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்குவதற்கு வேண்டப்படுவது. வீடு கட்டக் கல்லும் வேண்டும், கொத்தனும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. மாத்திரையில் இரண்டும் சேர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தம் பெருகுகிறது. கருவும் விரைந்து வளர்கிறது. ஆதலின் போலிக் அமிலத்தின் தேவை மிகுகிறது. கருவின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அது சரிவர மூடாமையால் நேரும் பிறவிக் குறைகளுள் பெரும்பகுதியைப் போலிக் அமிலத்தால் தடுக்கலாம் என்பது 1991 இல் வெளியான பெரிய ஆய்வொன்றினால் உறுதியாயிற்று. பல மகளிர் தாம் கருவுற்றதை அறிவதற்கு முன்பே அந்த 28 நாள்களும் கடந்து விடுகின்றன. எனவே மகப்பேறு விரும்பும் பெண் முன்னதாகவே இதனை உட்கொள்ளத் தொடங்குதல் நலம்.

நம் பணிக்குரிய செய்திகள்

2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 52 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். கருவுற்ற பெண்ணின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்றும், 7 கிராமுக்குக் குறைந்தால் கடுஞ்சோகை என்றும் கொள்ள வேண்டும். கடுஞ்சோகை உடையவரை மாத்திரை அளித்து வீட்டில் இருத்துதல் தவறு; உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மகப்பேற்றின்போது மற்றவர் தாங்கும் இரத்தப் போக்கை அவர் உடல் தாங்காது.

பணியாளர் நினைவில் கொள்ளத்தக்கவை வருமாறு:

1. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் போலிக் அமிலம் மட்டும் 400 மைக்ரோகிராம் அளிக்கப்படும். நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு சிவப்பு மாத்திரை வீதம் 180 நாள்களும், மகப்பேற்றிற்குப் பின் மீண்டும் 180 நாள்களும் உட்கொள்ளல் வேண்டும்.

2. மாத்திரையைக் காப்பி, தேநீருடன் உட்கொள்ளலாகாது. அவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். மலம் கருப்பாதல் இயல்பே என்று முன்னரே கூறிவிட்டால், அஞ்சி மாத்திரையை நிறுத்துவோர் தொகை குறையும்.

3. இவ்வட்டாரத்தில் விளையும் நிலக்கடலை, துவரை, கொள்ளு, பச்சைப்பயறு, கீரை வகைகள் ஆகியவற்றில் போலிக் அமிலம் உண்டு. நெடுநேரம் வேகவைப்பதாலும், வேகவைத்த நீரைக் கொட்டுவதாலும் அது வீணாகிறது. கீரையைச் சிறிது நீரில், மூடி, விரைவாக வேகவைத்தல் வேண்டும். உணவோடு எலுமிச்சம் பழமோ தக்காளியோ சேர்ந்தால் இரும்பு நன்கு உடலில் சேரும்.

4. மாத்திரை ஒழுங்காக உட்கொண்டும் சோகை நீங்காவிடில், கொக்கிப் புழு, வைட்டமின் பி12 குறைவு முதலிய வேறு காரணங்கள் இருக்கலாம். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் அளித்தால் இரத்தம் தேறியது போலத் தோன்றும். நரம்புகள் கேடுறுவது நிற்காது. கைகால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல் ஆகியவை காணப்படின் மருத்துவரிடம் அனுப்புக.

பிற்கால வாழ்வு

வில்ஸ் அம்மையார் 1937 இன் இறுதியில் மீண்டும் ஒரு முறை பம்பாய் வந்து சில வாரங்கள் ஆய்வு நடத்தினார். இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்குறி இயல் துறையில் பணியாற்றி 1947 இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னும் ஜமெய்க்கா, பிஜி முதலிய நாடுகளுக்குச் சென்று ஊட்டக் குறைவையும் சோகையையும் ஆராய்ந்தார். 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16 ஆம் நாள் காலமானார்.

அவர் தேடிய பொருளை அவரே பிரித்தெடுக்கவில்லை. எனினும் அப்பொருள் உண்டு என்பதை உலகிற்கு முதலில் காட்டியவர் அவரே. அதற்கு அவர் கையாண்ட முதற்கருவி நுண்பெருக்கி மட்டுமன்று; “அம்மா, இன்று என்ன உண்டாய்?” என்னும் கேள்வியுமாகும். அக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு, வீடுதோறும் செல்லும் பணியாளருக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் நாள்தோறும் உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. இரும்புக் குறைவினால் வரும் சோகையிலும் போலிக் அமிலக் குறைவினால் வரும் சோகையிலும் செவ்வணுக்கள் எவ்வாறு வேறுபடுகின்றன? காரணம் கூறுக.

2. எலிகளில் கண்ட முடிவை மட்டும் வில்ஸ் அம்மையார் ஏன் நம்பியிருக்க இயலவில்லை?

3. தூய்மையாக்கிய ஈரல் சாறு பயன்படாமையிலிருந்து அவர் எம்முடிவுக்கு வந்தார்?

4. உங்கள் ஊரில் ஐந்து இல்லங்களில் ஒரு நாள் சமைத்த உணவைக் கேட்டறிந்து பட்டியல் இடுக. போலிக் அமிலம் உள்ளவை எவை? சமைக்கும் முறையில் திருத்தத்தக்கது யாது?